ஒரே பாடம், மூன்று வித ஸ்லைடு: எது பிள்ளைகள் மனதில் நிற்கிறது?

குன்னூருக்கு மேலே ஒரு பள்ளியில் அறிவியல் எடுக்கிறேன். எட்டாம் வகுப்பு உராய்வு பாடத்தை மூன்று வருடத்தில் மூன்று விதமான ஸ்லைடு வைத்து நடத்தியிருக்கிறேன். பாடம் மாறவில்லை, உதாரணமும் மாறவில்லை, எங்கள் பிள்ளைகள் கூவல் சத்தம் கேட்டே வளர்ந்த மலை ரயில்தான். ஸ்லைடு மட்டும்தான் மாறியது. அதற்கே வகுப்பு இவ்வளவு மாறுமா என்று எனக்கே ஆச்சரியம், அதனால்தான் எழுதுகிறேன்.

முதல் வருடம், எல்லோரும் செய்வது. மேலே பெரிதாக "உராய்வு", கீழே ஏழு புல்லட் பாயின்ட், ஒவ்வொன்றும் புத்தகத்தில் இருக்கும் வரி. நான் வாசிக்க வாசிக்கப் பிள்ளைகள் நோட்டில் எழுதினார்கள். முன் பெஞ்சு ஐந்தாவது பாயின்ட்டுக்குப் போய்விட்டது, கடைசி பெஞ்சு இன்னும் இரண்டாவதில். நான் மூன்றாவதை விளக்கிக்கொண்டிருக்கிறேன், "மிஸ், மாத்தாதீங்க மிஸ்" என்ற குரலைத் தவிர வேறெதுவும் வரவில்லை. ஒரு கேள்வி இல்லை, ஒரு சந்தேகம் இல்லை. எல்லோரும் எழுதினார்கள், யாரும் கேட்கவில்லை.

இதில் பிள்ளைகள் மேல் தப்பே இல்லை. கண் ஒரு வேகத்தில் வாசிக்கிறது, காது அதே வாக்கியத்தை வேறு வேகத்தில் கேட்கிறது, இரண்டையும் பொருத்திப் பார்ப்பதிலேயே மூளை களைத்துவிடுகிறது. கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் சாண்டா பார்பரா வளாகத்தில் உளவியல் பேராசிரியர் ரிச்சர்ட் மேயர் பல வருடங்கள் சோதித்துப் பார்த்த விஷயம் இது: படத்தைக் காட்டி வாயால் விளக்கினால் நன்றாகக் கற்கிறார்கள், பேசுகிற அதே வார்த்தைகளைத் திரையிலும் எழுதிப் போட்டால் கற்பது குறைகிறது. சரி, அந்த ஏழு பாயின்ட்டுக்குப் பயனே இல்லையா என்றால், இருக்கிறது. லீவு போட்ட பிள்ளைக்கு வேண்டும், பரீட்சைக்கு முந்தின நாள் வேண்டும். ஆனால் அந்த வேலைக்கு ஒரு பக்க ஜெராக்ஸ் போதும், திரை எதற்கு? இப்போது வகுப்பு தொடங்கும்போதே சொல்லிவிடுகிறேன், "நோட்ஸ் கடைசியில் தருகிறேன், இப்போது பேனாவை மூடுங்கள்." அந்த ஒரு வாக்கியத்தில் நாற்பது முகமும் நிமிர்கிறது.

இரண்டாவது வருடம் செய்ததுதான் எனக்கு மிகவும் பிடித்தது. அமெரிக்காவில் பென்சில்வேனியா மாநிலப் பல்கலைக்கழகத்தின் மைக்கேல் ஆலி பல வருடங்களாக வலியுறுத்துவது: தலைப்பில் ஒற்றை வார்த்தை போடாதே, சொல்ல வந்ததை ஒரு முழு வாக்கியமாக எழுது, கீழே அதை நிரூபிக்கும் படத்தை மட்டும் வை. கேட்க எளிதாக இருக்கிறது, உட்கார்ந்து பார்த்தால்தான் கஷ்டம் தெரியும். "உராய்வு" என்று தலைப்புப் போட்டபோது நான் என்ன சொல்லப்போகிறேன் என்று எனக்கே தெளிவில்லாமல் இருந்திருக்கிறது. ஒரு ராத்திரி முழுக்க அடித்து அடித்து எழுதி, கடைசியில் வந்த வாக்கியம் இது: "இந்தச் சரிவில் சக்கரத்தின் உராய்வு மட்டும் போதாது, அதனால் பல் வேண்டும்."

படம் நானே ஸ்டேஷன் பக்கம் எடுத்தது. இரண்டு தண்டவாளத்துக்கு நடுவே பல் வெட்டிய இரண்டு இரும்புச் சட்டங்கள், பக்கத்தில் பக்கத்தில். உற்றுப் பார்த்தால் ஒரு சட்டத்தின் பல் இருக்கும் இடத்தில் மற்றதில் பள்ளம் இருக்கும். இன்ஜினின் பல்சக்கரம் ஒரு பல்லை விடும்போது இன்னொரு பல்லில் பிடித்திருக்க வேண்டும் என்பதற்காகத்தான் அப்படி. கல்லாறிலிருந்து குன்னூர் வரை இதுதான் பாதை, மிகச் செங்குத்தான இடங்களில் ஏறக்குறைய பன்னிரண்டு மீட்டர் போனால் ஒரு மீட்டர் ஏறும் அளவுக்குச் சரிவு. இந்தப் படத்தைப் போட்டுவிட்டு நான் கொஞ்ச நேரம் பேசவே இல்லை. பார்க்கட்டும் என்று விட்டேன். பின் பெஞ்சிலிருந்து ஒருவன், "மிஸ், ஊட்டிக்குப் போற லைன்ல இந்தப் பல்லு இல்லையே?" என்றான். இல்லைதான், குன்னூருக்கு மேலே சரிவு குறைவு, சக்கரத்தின் பிடிமானமே போதும். என் பாடம் முழுக்க அந்தக் கேள்வியில் இருந்தது. போன வருடத்து ஏழு பாயின்ட்டில் யாருக்கு இது தோன்றியிருக்கும்?

இந்த முறையில் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. என் வகுப்பில் வீட்டில் படுக மொழி பேசுகிற பிள்ளைகள் நிறைய. "உருளும் உராய்வு", "நழுவும் உராய்வு" போன்ற சொற்களைக் காதால் கேட்டால் மட்டும் போதாது, எழுத்தாகவும் கண்ணில் பட வேண்டும். அதனால் அந்தச் சொல்லைப் படத்துக்குள்ளேயே, சக்கரம் தண்டவாளத்தைத் தொடும் இடத்தை ஒட்டியே எழுதுகிறேன். ஓரத்தில் தனிக் கட்டம் போட்டால் கண் அங்கும் இங்கும் ஓடும். பின்னணியில் தேயிலைத் தோட்டம், சுழன்று வரும் எழுத்து, ரயில் கூவும் சத்தம் எதுவும் வேண்டாம். கூவல் சத்தத்தை ஒருமுறை சேர்த்தேன், மறுநாள் கேட்டபோது சத்தம்தான் எல்லோருக்கும் ஞாபகம் இருந்தது.

மூன்றாவது, கேள்வி ஸ்லைடு. விளக்கமே இல்லை, ஒரு நிலைமையும் நான்கு விடையும் மட்டும். "ஈரத் தண்டவாளம், பல் இல்லை. இன்ஜின் சக்கரம் சுற்றுகிறது, வண்டி நகரவில்லை. என்ன செய்யலாம்? வேகமாகச் சுற்றலாம், மணல் தூவலாம், எண்ணெய் விடலாம், பெட்டி கூட்டலாம்." விரலைக் காட்டச் சொல்வேன். முதலில் வேகமாகச் சுற்றலாம் என்பதற்குத்தான் அதிக விரல். சரியா தவறா சொல்லாமல், பக்கத்தில் இருப்பவரோடு பேசிவிட்டு மறுபடி காட்டச் சொல்வேன். இடைப்பட்ட அந்த இரண்டு நிமிடச் சத்தத்தில்தான் படிப்பு நடக்கிறது, மணலுக்கு விரல்கள் ஒவ்வொன்றாக மாறுவதைக் கண்ணால் பார்க்கலாம். ஹார்வர்டில் இயற்பியல் பேராசிரியர் எரிக் மசூர் 1990-களில் பரப்பிய முறை இது, எங்கள் மலைப் பள்ளியிலும் அப்படியே வேலை செய்கிறது.

ஒரு வாரம் கழித்து அதே கேள்வியை விடை இல்லாமல் மறுபடி போடுவேன். ரோடிகர், கார்பிக் என்ற உளவியல் ஆய்வாளர்கள் இருவரும் 2006-இல் வெளியிட்ட ஆய்வில், ஐந்து நிமிடம் கழித்துப் பார்த்தால் திரும்பத் திரும்ப வாசித்தவர்கள் முந்தியிருந்தார்கள், ஒரு வாரம் கழித்தோ நினைவிலிருந்து எடுத்து எழுதிப் பார்த்தவர்கள்தான் முந்தினார்கள். வாசித்தால் புரிந்த மாதிரி இருக்கும், நிற்காது. கேள்வி முறையின் குறை நேரம்தான், இரண்டு கேள்விக்கே பீரியட்டில் கால்வாசி போய்விடும், போர்ஷன் முடியாத பயம் எனக்கும் உண்டு. ஆனால் ஐப்பசி மழையில் கரண்ட் போனால் மற்ற இரண்டும் படுத்துவிடும், கேள்வியைக் கரும்பலகையில் எழுதினாலும் அதே பலன்.

ஆக, எழுத்து தாளுக்கு, பார்த்தால் புரிகிற விஷயத்துக்கு வாக்கியமும் படமும், வருடக் கடைசி வரை நிற்க வேண்டியதற்குக் கேள்வி. நேரமே இல்லை, ஒன்றுதான் முடியும் என்றால் கேள்வியைத்தான் எடுப்பேன். பழைய ஃபைல் முழுவதையும் ஒரே நாளில் மாற்ற வேண்டாம், ஒரு பாடத்தில் ஒரு ஸ்லைடு போதும். செய்ததும் கடைசி பெஞ்சில் போய் உட்கார்ந்து எழுத்து தெரிகிறதா என்று பாருங்கள், மூடுபனி விலகி ஜன்னலில் வெயில் அடிக்கும் நேரத்தில் பார்க்க வேண்டும்.

அடுத்து அழுத்தம். வாக்கியம் தயார்: "பரப்பு கூடினால் அழுத்தம் குறையும்." படத்துக்கு, சாயங்காலம் விறகுக் கட்டோடு இறங்கி வரும் ஒரு அக்காவிடம் கேட்டு அவர் தலையில் இருந்த சும்மாட்டை மட்டும் பக்கத்தில் நின்று எடுத்து வைத்திருக்கிறேன். கேள்வி ஸ்லைடில் அந்தத் துணி இல்லாமல் கட்டு மட்டும் இருக்கும்.