டேலி டேட்டாவுக்கு எந்த பேக்கப்: பென் டிரைவ், ஹார்ட் டிஸ்க், நாஸ், கிளவுட்

திருப்பூரில் பத்து கம்ப்யூட்டர் ஓடும் ஒரு பனியன் கம்பெனி ஆபீசை எடுத்துக்கொள்வோம். கணக்கு எழுதும் சாஃப்ட்வேரான டேலியில் ஐந்தாறு வருட டேட்டா சேர்ந்தாலும் பெரும்பாலும் ஒன்றிரண்டு ஜிபிக்குள் அடங்கிவிடும். மார்க்கர் (துணியை வெட்டுவதற்கான வரைபட ஃபைல்), எம்பிராய்டரி, பிரிண்ட் டிசைன், ஆர்டர் கொடுத்த பையருக்கு அனுப்பிய போட்டோ எல்லாம் சேர்த்தால் 500 ஜிபி எளிதில் வந்துவிடும். முதலாவது சின்னது, தினமும் மாறுவது. அது போனால் ஜிஎஸ்டி ரிட்டர்ன் முதல் சனிக்கிழமைச் சம்பளம் வரை எல்லாமே நிற்கும். இரண்டாவது பெரியது, மெல்ல மாறுவது. இரண்டுக்கும் சேர்த்து ஒரே பெட்டியை வாங்கி வைத்துவிட்டு நிம்மதியாக இருப்பதில்தான் கோளாறு ஆரம்பிக்கிறது.

எதை வாங்குவது என்று பார்க்கும்முன், ஃபைல்களைப் பூட்டிவிட்டுத் திறக்கப் பணம் கேட்கும் ரான்சம்வேர் எப்படி வேலை செய்கிறது என்று தெரிந்துகொள்ள வேண்டும். கிராக் செய்த டிசைன் சாஃப்ட்வேர், பர்சேஸ் ஆர்டர் என்ற பெயரில் வரும் மெயில் அட்டாச்மென்ட், ஆடிட்டர் வீட்டிலிருந்தே பார்ப்பதற்காக ரவுட்டரில் திறந்துவிட்ட 3389 போர்ட் (விண்டோஸ் ரிமோட் டெஸ்க்டாப்புக்கான வாசல்): பெரும்பாலும் இந்த மூன்று வழிகளில்தான் உள்ளே வருகிறது. வந்ததும் விண்டோஸ் தானாக எடுத்துவைத்த பழைய பிரதிகளை அழிக்கும். பிறகு அந்தக் கம்ப்யூட்டரால் எழுத முடிகிற எல்லா இடங்களையும் பூட்டும்: டி டிரைவ், யுஎஸ்பியில் செருகியிருக்கும் டிஸ்க், நெட்வொர்க்கில் மேப் செய்த ஷேர் ஃபோல்டர் என எதையும் விடாது. ஆகவே எந்த பேக்கப்பைப் பார்த்தாலும் முதலில் கேட்க வேண்டியது இதுதான்: அக்கவுண்ட்ஸ் கம்ப்யூட்டர் மாட்டிக்கொண்ட நேரத்தில், அதன் கை இந்த பேக்கப்புக்கு எட்டுமா?

பென் டிரைவைப் பற்றி அதிகம் பேச வேண்டியதில்லை. ஆடிட்டர் ஆபீசுக்கு டேட்டா கொண்டுபோக அது போதும், பேக்கப்புக்கு ஆகாது. விலை குறைவான போலிகள் 512 ஜிபி என்று காட்டும், உள்ளே இருப்பதோ அதில் ஒரு பங்குதான். நிரம்பிய பிறகு எழுதியது ஒன்றும் திரும்ப வராது. நல்ல டிரைவையும் மாதக்கணக்கில் மேசை டிராயரில் போட்டுவைத்து நம்பக் கூடாது.

போர்ட்டபிள் ஹார்ட் டிஸ்க்தான் இந்த நான்கில் அதிகம் உதவுவது, அதிகம் தவறாகப் பயன்படுத்தப்படுவதும் அதுவே. எழுதி முடித்ததும் கழற்றிவிட்டால் எந்த வைரஸாலும் அதைத் தொட முடியாது. ஆனால் பல ஆபீசுகளில் அது சிபியு பின்னால் வருடம் முழுக்கச் செருகியே கிடக்கிறது. செருகியே கிடக்கும் டிஸ்க் இன்னொரு டி டிரைவ்தான், பேக்கப் அல்ல.

2 டிபி டிஸ்க் இரண்டு வாங்குங்கள். ஒன்றில் ‘அ’, மற்றதில் ‘ஆ’ என்று மார்க்கர் பேனாவால் எழுதுங்கள். ஒன்று ஆபீஸ் பீரோவில், இன்னொன்று முதலாளி வீட்டில். சனிக்கிழமை சம்பளக் கணக்கு முடிந்ததும் இரண்டையும் மாற்றிக்கொள்ளலாம். பஞ்சுத் தூசி பறக்கிற கட்டடத்தில் தீ பிடித்தால் பீரோவில் இருப்பதும் சேர்ந்து போகும் என்பதால்தான் வீட்டில் ஒன்று. டிஸ்க்கை யுஎஸ்பி 3 போர்ட்டில் செருகுங்கள். பல மெஷின்களில் அதன் உட்புறம் நீல நிறமாக இருக்கும். வினாடிக்கு 100 எம்பி போனால் 500 ஜிபி ஒன்றரை மணி நேரத்துக்குள் முடியும். பழைய யுஎஸ்பி 2 போர்ட்டில் நான்கு மணி நேரம் பிடிக்கும். பாதியில் கரண்ட் போனால் ஃபைல் அமைப்பே கெடலாம், ஆகவே யுபிஎஸ்ஸில் இருக்கிற மெஷினில் மட்டும் செருகுங்கள்.

விண்டோஸின் நகலெடுக்கும் கட்டளையான ரோபோகாப்பியில் ஸ்கிரிப்ட் போடுகிறவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். ‘மிரர்’ ஆப்ஷன் மூலத்தை அப்படியே நகலெடுப்பது. மூலத்தில் ஒரு ஃபோல்டர் அழிந்திருந்தால் டிஸ்க்கிலும் அழிக்கும், பூட்டப்பட்ட ஃபைலை நல்ல ஃபைலின் மேலேயே எழுதும். தேதி போட்ட தனித்தனி ஃபோல்டரில் எடுப்பதே சரி. டேலிக்குக் கடைசி 30 நாள், டிசைனுக்குக் கடைசி மூன்று வாரம் வைத்துக்கொண்டால் 2 டிபி தாராளமாகப் போதும். டிஸ்க் தொலைந்தால் கணக்கு வெளியே போகும் என்ற பயம் இருந்தால், விண்டோஸ் ப்ரோவில் டிஸ்க்கையே பாஸ்வேர்டால் பூட்டும் பிட்லாக்கர் போட்டு, ரெகவரி கீயைப் பேப்பரில் அச்சடித்து, டிஸ்க் இருக்கும் பீரோவில் வைக்காமல் வேறிடத்தில் வையுங்கள்.

நாஸ் (நெட்வொர்க்கில் இணைத்து எல்லா கம்ப்யூட்டரும் பயன்படுத்தும் டிஸ்க் பெட்டி) வேறு விதம். ஆள் ஞாபகம் வைத்துச் செய்ய வேண்டிய வேலையை அது தானாகச் செய்யும், இரவு பத்து மணிக்கு எழுதச் சொன்னால் எழுதும். ஆனால் “ரெண்டு டிஸ்க் ரெய்டு போட்டிருக்குதுங்க, ஒண்ணு போனா இன்னொண்ணு இருக்கும்” என்று விற்பவர் சொல்வது டிஸ்க் பழுதுக்கு மட்டும்தான் உண்மை. ரெய்டு 1 என்பது இரண்டு டிஸ்க்கிலும் ஒன்றையே எழுதுவது, அதில் அழித்தால் இரண்டிலும் ஒரே நொடியில் அழியும். நாஸுக்குக் கொடுக்கிற காசு பயன்பட வேண்டும் என்றால் ஸ்னாப்ஷாட் வசதி, அதாவது ஃபைல்கள் அந்த நேரத்தில் இருந்த நிலையை அப்படியே பிடித்துவைக்கும் வசதி உள்ளதை வாங்க வேண்டும். ஷேர் ஃபோல்டரில் என்ன நடந்தாலும் நேற்று இரவு எடுத்த ஸ்னாப்ஷாட் மாறாது. அந்த ஸ்னாப்ஷாட்டையும் அழிக்கக்கூடியது அட்மின் பாஸ்வேர்டு. அதை அக்கவுண்ட்ஸ் கம்ப்யூட்டரின் பிரவுசரில் சேமித்து வைத்தால், எல்லாம் ஒரே சாவியில் திறந்துகொள்ளும்.

இன்னும் ஒன்று: கம்ப்யூட்டர் நாஸில் எழுதுவதைவிட, நாஸ் போய்க் கம்ப்யூட்டரிலிருந்து எடுத்துக்கொள்ளும்படி அமையுங்கள். அப்போது கம்ப்யூட்டருக்கு நாஸில் எழுதும் உரிமையே தேவைப்படாது. வெளியூரிலிருந்து பார்ப்பதற்காக நாஸை இன்டர்நெட்டில் நேராகத் திறந்துவிடவே கூடாது. 2021 ஏப்ரலில் கியூலாக்கர், 2022 ஜனவரியில் டெட்போல்ட் என்ற இரண்டு ரான்சம்வேரும் அப்படித் திறந்து கிடந்த கியூநாப் கம்பெனியின் நாஸ் பெட்டிகளைத்தான் தேடிப் பூட்டின. வெளியிலிருந்து பார்த்தே ஆக வேண்டும் என்றால் விபிஎன் (ஆபீஸ் நெட்வொர்க்குக்குள் வரும் பூட்டிய தனி வழி) போடுங்கள்.

கிளவுட்டில் இரண்டு வகை உண்டு, பெயரில் இரண்டும் ஒன்று போலவே இருக்கும். கூகுள் டிரைவ், ஒன்டிரைவ், டிராப்பாக்ஸ் போன்றவை சிங்க் செய்பவை, அதாவது கம்ப்யூட்டரில் மாறுவதை அங்கும் அப்படியே மாற்றுபவை. “அதான் டிரைவ்ல ஏறுதுங்களே” என்பார்கள். கம்ப்யூட்டரில் ஃபைல் பூட்டப்பட்டால் பூட்டப்பட்ட ஃபைலும் ஏறும். பழைய வெர்ஷன் கிடைக்கும்தான், ஆனால் கூகுள் டிரைவ் டிராஷ் 30 நாளில் தானாகக் காலியாகிவிடும். பொங்கல் லீவில் அழிந்ததை மார்ச்சில் ஆடிட்டர் கேட்கும்போது ஒன்றும் இருக்காது. டேலி திறந்திருக்கும்போதே அதன் டேட்டா ஃபோல்டரை சிங்க்கில் போடுவது அதைவிட மோசம். பாதி புது ஃபைல், பாதி பழைய ஃபைல் என்று ஏறி, திரும்ப எடுக்கும்போது கம்பெனி திறக்காது.

இரண்டாவது வகை, பேக்கப்புக்கென்றே உள்ள கிளவுட் ஸ்டோரேஜ். ‘ஆப்ஜெக்ட் லாக்’ போட்டு 30 நாள் என்று பூட்டினால், கம்ப்யூட்டரில் புகுந்தவனால் அந்த நாள்வரை அதை அழிக்க முடியாது. டேலி அளவுக்கு இதுதான் மிகச் சரியான இடம். டிசைனுக்குக் கணக்குப் போட்டுப் பாருங்கள்: அப்லோடு 20 எம்பிபிஎஸ் (வினாடிக்கு மெகாபிட், எட்டு மெகாபிட்தான் ஒரு எம்பி) கிடைத்தால் 500 ஜிபி ஏற 55 மணி நேரம். 100 எம்பிபிஎஸ் இருந்தாலும் 11 மணி நேரம். ஷிப்மென்ட் நாளில் மார்க்கர் ஃபைல் இறங்கும்வரை கட்டிங் டேபிள் காத்திருக்க முடியாது. பிரைவேட் லிமிடெட் கம்பெனிகளுக்குச் சட்டமும் உண்டு: எலக்ட்ரானிக் கணக்குகளின் பேக்கப்பைத் தினமும், இந்தியாவுக்குள் இருக்கிற சர்வரில் வைக்க வேண்டும் என்பது 2022 ஆகஸ்ட் முதல் விதி. அமேசான் கிளவுட் என்றால் மும்பை அல்லது ஹைதராபாத் ரீஜனைத் தேர்ந்தெடுங்கள்.

ஆகவே ஈரோட்டு மஞ்சள் மண்டிக்கோ சோமனூர் விசைத்தறி ஜாப் ஒர்க் கணக்குக்கோ நாஸ் தேவையே இல்லை. இரண்டு டிஸ்க்கும், டேலிக்கு மட்டும் பூட்டுள்ள கிளவுட்டும் போதும். டிசைன் ஃபைல் குவிகிற பனியன் கம்பெனிக்கும், டிராயிங் வைத்திருக்கும் கோவை பம்ப் கம்பெனிக்கும் ஸ்னாப்ஷாட் உள்ள நாஸ் வேண்டும். ஆனால் அந்த இரண்டு டிஸ்க்கை வாங்கிய பிறகுதான். பட்ஜெட் ஒன்றுக்குத்தான் இடம் கொடுக்கிறது என்றால் நாஸை விட்டுவிட்டு டிஸ்க்கை வாங்குங்கள்.

டேலி பேக்கப் எடுக்கும் முறை: எல்லா மெஷினிலும் கம்பெனியை மூடிவிட்டு, டேலி பிரைமில் ஆல்ட்டோடு ஒய் அழுத்தி பேக்கப்பைத் தேர்வு செய்யுங்கள். அந்தப் பிரதியைத்தான் டிஸ்க்குக்கும் கிளவுட்டுக்கும் அனுப்ப வேண்டும்.

மாதம் ஒரு முறை திரும்ப எடுத்துப் பாருங்கள். டி டிரைவில் காலியான ஒரு ஃபோல்டரை உருவாக்கி அதில் ரீஸ்டோர் செய்யுங்கள். ஓடுகிற டேட்டா இருக்கும் இடத்திலேயே ரீஸ்டோர் செய்தால் அதே கம்பெனி எண்ணின் மேல் பழையது ஏறி, இன்றைய பில் எல்லாம் போய்விடும். திறந்ததும் கடைசி வவுச்சர் எண், டிரயல் பேலன்ஸ் மொத்தம், கேஷ் குளோசிங் மூன்றையும் ஒத்துப்பாருங்கள். கம்பெனி டேட்டாவைப் பாஸ்வேர்டால் பூட்டும் டேலி வால்ட் போட்டிருந்தால் அந்தப் பாஸ்வேர்டு இல்லாமல் எந்தப் பிரதியும் திறக்காது, அதை மீட்கவும் வழி கிடையாது. முதலாளி ஒருவருக்காவது அது தெரிந்திருக்க வேண்டும். டிசைனில் ஃபைல் பெயரை மட்டும் பார்த்துவிட்டு விடாதீர்கள், கைக்கு வந்த ஐந்தைத் திறந்து படம் வருகிறதா என்று பாருங்கள்.