டூயல் க்ளட்ச் எடுக்கலாமான்னு கேட்ட மச்சானுக்கு

விலை குறைச்சுட்டாங்கன்னு பாத்துட்டு என் கார் மாடலையே புதுசா எடுக்கலாமான்னு கேட்டான் மச்சான் ஒருத்தன். நல்ல நேரத்துல கேட்டான், போன வாரம்தான் 82 ஆயிரம் அழுதுட்டு க்ளட்ச் மாத்திட்டு வந்தேன். அந்தக் கடுப்ப கழிச்சுட்டு படிங்க.

6 வருஷம், 71 ஆயிரம் கிமீ, 7 கியர் டூயல் க்ளட்ச் ஆட்டோமேட்டிக், அதாவது ஒத்தப்படை கியருக்கு ஒரு க்ளட்ச், ரெட்டப்படைக்கு ஒண்ணு, ரெண்டையும் வண்டியே மாத்திக்கும். அதுலயும் ஆயில்ல முங்காத ட்ரை க்ளட்ச். கம்பெனி பேர இழுக்கல. எல்லாமே நல்லாத்தான் இருக்கு, ஆனா சாயங்காலம் ஆறரைக்கு வேளச்சேரி டிராஃபிக்ல மாட்டுனா மட்டும் ஃபர்ஸ்ட்லருந்து செகண்ட் போறப்ப ஒரு உதறல் பாருங்க, பக்கத்துல உக்காந்திருக்கற அம்மா "என்னடா புதுசா ஓட்டப் பழகுறியா"ன்னு கேட்டாங்க, இருபது வருஷமா ஓட்டுறேன்.

கேரேஜ்ல மெக்கானிக் பழைய க்ளட்ச் தட்டு ரெண்டையும் ஒரு அட்டை மேல வச்சு காட்டுனாரு. 1, 3, 5, 7க்கான தட்டு தேஞ்சு, அது உரசுற இரும்புல சூட்டுல நீலத் திட்டு. ரெட்டப்படை கியருக்கானது இன்னும் ஓடும் போல இருக்கு, ஆனா செட்டாத்தான் மாத்தணுமாம். "அண்ணே, நீங்க க்ளட்ச் மிதிக்கல, ஆனா அது நாள் பூரா மிதிபட்டுட்டேதான் இருக்கு"ன்னாரு. கரெக்ட்தான், சாதா ஆட்டோமேட்டிக்ல வர்ற டார்க் கன்வெர்ட்டர்ல இந்த ஊர்ந்து போற வேலைய ஆயில் பாத்துக்கும், இங்க தட்டு உரசி உரசித்தான் வண்டி நகருது, ஆயில்ல முங்கி ஓடுற வெட் க்ளட்ச்னாலும் சூட்ட ஆயில் இழுத்துட்டு போயிடும், ட்ரைல வெறும் காத்துதான், அதுவும் நம்ம மே மாசக் காத்து. அவர் சொன்னபடி இப்ப முன்னாடி வண்டி ஒரு வண்டி நீளம் போனப்புறம்தான் பிரேக்க விடுறேன், பிரேக்க முழுசா மிதிச்சா க்ளட்ச் தானா விலகிடும். பின்னாடி ஆட்டோக்காரர் ஹாரன்ல திட்டுறாரு, திட்டட்டும்.

ஆனா ஒண்ணு சொல்லணும். கொல்லிமலை 70 கொண்டை ஊசி வளைவுலயும் மேனுவல் மோட்ல போட்டு ஏத்துனேன், அடுத்த கியர் அந்தப் பக்கம் ரெடியா மாட்டி உக்காந்திருக்கும், இந்த க்ளட்ச் விட அந்த க்ளட்ச் புடிக்க, நடுவுல இழுவையே அறுபடாது. க்ளட்ச் மிதிக்கற மேனுவல் வண்டில என் காலுக்கு இந்த ஜென்மத்துல அது வராது.

மச்சான், நீ தினம் ஓஎம்ஆர் டிராஃபிக்ல போறவன், எடுக்காத. டார்க் கன்வெர்ட்டர் எடு, இல்ல வெட் க்ளட்ச்னா யோசி. அப்புறம் என் வண்டிய பாதி விலைக்கு கேட்டியே, அது கிடையாது, பொங்கல் லீவுக்கு திரும்ப கொல்லிமலை போறேன்.