உணர்ச்சி அட்டைப் பெட்டி: காரைக்குடியில் வாங்கினேன், வீட்டில் எப்படிப் போகிறது?

பிள்ளை தன் மனசில் இருப்பதை வண்ணத்தையும் முகப் படத்தையும் காட்டிச் சொல்லப் பழகுவதற்கான அட்டைகள் உள்ள பெட்டி இது. முதலிலேயே சொல்லிவிடுகிறேன், வாங்கலாம். ஆனால் பிள்ளை கையில் கொடுத்துவிட்டு நாம் அடுப்படிக்குப் போய்விடலாம் என்ற எண்ணத்தில் வாங்குவதாக இருந்தால் வேண்டாம். அந்தக் காசுக்கு ஒரு பல்லாங்குழியும் சோழியும் வாங்கிக் கொடுங்கள், பக்கத்து வீட்டுப் பிள்ளையோடு உட்கார்ந்து ஆடித் தோற்கவாவது பழகும்.

செக்காலை ரோட்டில் ஒரு கடையில் வாங்கியது. உள்ளே நான்கு வண்ணம் போட்ட பலகை, முகம் வரைந்த அட்டைகள், கொஞ்சம் மூச்சுப் பயிற்சி அட்டைகள், பெற்றோருக்கு ஒரு சின்னக் கையேடு. நீலம் என்றால் சோர்வு, சோகம், உடம்பு முடியாமை. பச்சை நிதானம். மஞ்சள் பதற்றம், பரபரப்பு. சிவப்பு என்றால் அடங்காத கோபமோ பெரிய பயமோ. 2011-ல் அமெரிக்காவில் ஒரு ஆக்குபேஷனல் தெரபிஸ்ட் (அன்றாடக் காரியங்களைச் செய்யப் பழக்கும் சிகிச்சையாளர்) வெளியிட்ட முறையை ஒட்டிச் செய்திருக்கிறார்கள். அந்த முறையின் உயிரே எந்த வண்ணமும் தப்பு கிடையாது என்பதுதான், அதைப் போய் கையேட்டின் கடைசிப் பக்கத்தில் பொடி எழுத்தில் போட்டிருக்கிறார்கள். "சிவப்புக்குப் போயிட்டியா, மூலையில நில்லு" என்று நாம் ஒரு தடவை சொல்லிவிட்டால் போதும், அப்புறம் பிள்ளை என்றைக்கும் பச்சையைத்தான் காட்டும். வகுப்பில் வைத்திருக்கும் டீச்சர்களுக்கும் இதைச் சொல்லவேண்டும். எல்லார் முன்னாலும் பெயரை நீலத்திலும் சிவப்பிலும் மாட்டாதீர்கள், நோட்டு ஓரத்தில் பிள்ளை ஒரு வண்ணப் புள்ளி வைத்தால் உங்களுக்குத் தெரிந்துவிடும்.

என் மகனுக்கு எட்டு வயது, அவன் அப்பச்சிக்கு (எங்கள் பக்கம் அப்பாவை அப்படித்தான் கூப்பிடுவோம்) சிங்கப்பூரில் வேலை. பர்மா, மலேயா என்று கப்பலேறிய காலத்திலிருந்து செட்டிநாட்டு வீடுகளுக்கு இது பழக்கமானதுதான், ஆனால் அந்தப் பிள்ளைகள் மனசுக்குள் என்ன ஓடியது என்று உட்கார்ந்து கேட்டவர்கள் குறைவு. ஞாயிற்றுக்கிழமை வீடியோ கால் முடிந்ததும் இவன் எதையாவது தூக்கி எறிவான். அட்டைகளைப் பரப்பி வைத்துக் கேட்டபோது சிவப்பை எடுக்கவில்லை, நீலத்தில் இருந்த 'ஏக்கம்' அட்டையை எடுத்தான். அடுத்த காலில் ஒவ்வொரு அட்டையாகக் கேமராவுக்கு நேரே பிடித்து, "அப்பச்சி, உங்களுக்கு எதுன்னு சொல்லுங்க" என்று கேட்க, அவரும் அதே அட்டையில் நிறுத்தினார். அப்புறம் எறிவது முழுசாக நின்றுவிடவில்லை, குறைந்திருக்கிறது. இப்போது கால் முடிந்ததும் வாய்விட்டுச் சொல்கிறான்.

அப்பத்தா முதலில் "எங்க காலத்துல இதெல்லாம் யாரு கேட்டா" என்றார்கள். இப்போது சாயங்காலம் காபிக்கு வளவில் (வீட்டு நடு முற்றத்தில்) உட்காரும்போது அவர்களும் ஒரு அட்டை எடுக்கிறார்கள். "ராசா, இன்னிக்கு எனக்கு நீலம்தான், முழங்கால் விடமாட்டேங்குது" என்றால், யாரும் சொல்லாமலே பையன் டிவி சத்தத்தைக் குறைக்கிறான். எனக்கு இந்தப் பெட்டியில் ரொம்பப் பிடித்தது இதுதான், பெரியவர்களும் எடுத்தால்தான் பிள்ளைக்கு இது பரீட்சை மாதிரித் தெரியாது.

மூச்சு அட்டைகளில் பூவை முகர்ந்து மெழுகுவர்த்தியை மெதுவாக ஊதுவது நல்ல அட்டை. மூச்சை நீளமாக விடும்போது இதயத் துடிப்பு தணிகிறது. ஆனால் சும்மா இருக்கும் நேரத்தில் பழக்குங்கள், கோபத்தின் உச்சியில் நீட்டினால் அட்டையைக் கிழித்துப் போடுவான்.

குறைகள் உண்டு. படங்களில் தனி அறையில் தனியாக உட்கார்ந்திருக்கும் பிள்ளைகள்தான். விசேஷ வீட்டில் சொந்தக்காரர்கள் நடுவில் நிற்க வைத்து "என்ன மார்க்கு, அவன் இவ்வளவு வாங்கியிருக்கான்" என்று கேட்கும்போது சுருங்கிப்போகும் முகம் ஒன்றுகூட இல்லை. பொறாமை இல்லை, அவமானம் இல்லை. பள்ளிக்கூடம் போகும் பிள்ளைக்கு இவை இரண்டும் தினசரி விஷயம். வெள்ளை அட்டை வெட்டி நாங்களே வரைந்து சேர்த்துக்கொண்டோம். அட்டையின் முனைகள் சீக்கிரம் பிரிகின்றன, லேமினேட் செய்துவிடுங்கள்.

பெட்டி மேல் 'மதிப்பெண் உயரும்' என்று போட்டிருப்பதை மட்டும் நம்பி வாங்காதீர்கள். 2011-ல் வெளியான பெரிய ஆய்வுத் தொகுப்பு ஒன்றில், 213 பள்ளித் திட்டங்களில் சுமார் 2,70,000 மாணவர்களைப் பார்த்து, நூறு பேரில் நடுவில் இருக்கும் பிள்ளை 11 இடம் முன்னேறும் அளவுக்குப் படிப்பில் பலன் இருந்தது என்று சொன்னார்கள். அவை பள்ளியில் திட்டம் போட்டு நடத்தியவை. அந்தக் கணக்கை ஒரு அட்டைப் பெட்டிக்குப் பொருத்த முடியாது.

ஐந்திலிருந்து பத்து வயது வரை சரியாக இருக்கும், அதற்கு மேல் பிள்ளைகள் கூச்சப்படும். வாரக்கணக்கில் நீலத்திலேயே இருந்து சாப்பாடும் தூக்கமும் கெட்டால் அட்டையோடு நிற்காமல் டாக்டரிடம் கூட்டிப்போங்கள். பிள்ளைக்கு ஆபத்து என்று தோன்றினால் குழந்தைகள் உதவி எண் 1098-க்கு அழையுங்கள். கடையில் கேட்டால் பெட்டியைப் பிரித்துக் காட்டுகிறார்கள், கையேடு தமிழில் இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள்.