ஸ்ட்ரெச்லி: வீட்டிலிருந்து வேலை பார்ப்போருக்கான இடைவேளை நினைவூட்டி, எங்கே உதவும், எங்கே கைவிடும்

ஸ்ட்ரெச்லிக்குத் தெரிந்தது ஒரே வேலைதான். குறித்த நேரம் வந்ததும் திரையின் மேல் ஒரு ஜன்னலைத் திறந்து, எழுந்திரு என்று சொல்லும். விண்டோஸ், மேக், லினக்ஸ் மூன்றிலும் ஓடும். இலவசம், திறமூலம், கணக்குத் தொடங்க வேண்டியதில்லை. எலக்ட்ரான் (இணையப்பக்கத் தொழில்நுட்பத்தைக் கொண்டு கணினிச் செயலிகளைக் கட்டும் சட்டகம்) அடிப்படையில் கட்டப்பட்டதால், ஒரு கடிகார வேலைக்குத் தேவையானதைவிட அதிக நினைவகம் பிடிக்கும். பழைய மடிக்கணினியில் இது உறுத்தலாம்.

நிறுவியவுடன் இருக்கும் அமைப்பு இதுதான்: 10 நிமிடத்துக்கு ஒரு முறை 20 விநாடி சிறு இடைவேளை, இரண்டு சிறியவை முடிந்தபின் 5 நிமிட நீண்ட இடைவேளை. அதாவது மணிக்கு ஏறக்குறைய ஆறு முறை திரை மறையும். வேண்டாம் என்று நீக்குபவர்களில் பெரும்பாலோர் இந்த அமைப்பை மாற்றாமலே நீக்குகிறார்கள் என்பது எங்கள் கணிப்பு. கணக்கு எழுதுபவரோ நிரல் எழுதுபவரோ பத்து நிமிடத்தில் ஒரு சிக்கலுக்குள் முழுதாக நுழைந்திருக்கவே மாட்டார். பாதியில் துண்டிக்கப்பட்ட கவனம் களைப்பைப் போக்காது, எரிச்சலைத்தான் கூட்டும்.

முதல் நாளே அட்டவணைப் பகுதிக்குப் போய் சிறு இடைவேளையை 20 நிமிடத்துக்கு ஒன்றாக மாற்றுங்கள். நீளம் 20 விநாடியாகவே இருக்கட்டும்: 20 நிமிடத்துக்கு ஒரு முறை, 20 அடி தூரத்தில் உள்ள ஒன்றை, 20 விநாடி பார்ப்பது என்று கண் மருத்துவர்கள் சொல்லும் பழக்கத்துக்கு அது பொருந்திவிடும். இரண்டு சிறியவைக்குப் பின் ஒரு நீண்டது என்பதையும் மாற்ற வேண்டாம். நீண்ட இடைவேளை தானாகவே மணிக்கு ஒன்றாகிவிடும். அதை மட்டும் 10 நிமிடமாக உயர்த்துங்கள். ஐந்து நிமிடத்தில் கழிவறைக்குப் போய் வருவதற்குள் நேரம் முடிந்துவிடும். மனம் வேலையை விட்டு விலகியிருக்காது.

ஒத்திவைக்கும் வசதி நன்றாக யோசித்துச் செய்யப்பட்டிருக்கிறது. சிறு இடைவேளையை 2 நிமிடம், நீண்டதை 5 நிமிடம், தலா ஒரே ஒரு முறை தள்ளிப்போடலாம். அதுவும் இடைவேளையின் முதல் 30 சதவீத நேரத்துக்குள்தான். அதற்குப் பின் தவிர்க்கத்தான் முடியும். தவிர்க்கவே முடியாதபடி செய்யும் கண்டிப்பு முறையும் உண்டு. அதை நீண்ட இடைவேளைக்கு மட்டும், முதல் இரண்டு வாரம் கழித்து இயக்குவதே சரி. தொடக்கத்திலேயே போட்டால், ஓர் அவசர மின்னஞ்சலின் நடுவே திரை பூட்டிக்கொள்ளும். அன்றே செயலி குப்பைக்குப் போய்விடும்.

மீட்டிங்கில் ஸ்கிரீன் ஷேர் செய்யும்போது எல்லோர் முன்னாலும் ‘கழுத்தைத் திருப்பு’ என்று வந்து நிற்குமோ என்ற பயம் நியாயமானது. கணினியின் ‘தொந்தரவு செய்யாதே’ நிலையை ஸ்ட்ரெச்லி மதிக்கும். மீட்டிங் தொடங்கும் முன் அதை இயக்கினால் போதும். ட்ரே ஐகானில் (திரையோரம் கடிகாரத்தருகே இருக்கும் செயலியின் சிறு சின்னம்) உள்ள நிறுத்திவைக்கும் பட்டியலிலும் ஒரு மணி நேரம், இரண்டு மணி நேரம், காலை வரை எனத் தேர்வுகள் இருக்கின்றன. ‘காலவரையின்றி’ என்ற தேர்வைத் தொடாதீர்கள். அதை அழுத்தியவர்கள் செயலி இருப்பதையே மறந்துவிடுவார்கள்.

நீங்கள் எழுந்து போயிருந்தால் அதையும் இடைவேளையாகக் கணக்கில் எடுத்துக்கொள்ளும் வசதி இருக்கிறது. ஆனால் கீபோர்டும் மவுஸும் அசையாமல் இருப்பதைத்தான் அது ஓய்வு என்று புரிந்துகொள்கிறது. ஒரு நீண்ட ஆவணத்தைக் கை அசைக்காமல் வாசித்தாலோ, காணொளி அழைப்பில் ஒரு மணி நேரம் கேட்டுக்கொண்டே இருந்தாலோ, ஓய்வெடுத்தாயிற்று என்று எண்ணி கணக்கைப் புதிதாகத் தொடங்கிவிடும். நாள் முழுக்க மீட்டிங்கில் இருப்பவர்கள் இந்த வசதியை அணைத்துவிடுவது மேல்.

மனநலக் கோணத்தில் பார்த்தால் இதன் சிறந்த பகுதி பலர் கண்ணில் படாத ஒன்று: இடைவேளையில் தோன்றும் யோசனைகளை நாமே எழுதிக்கொள்ளலாம். செயலியின் அறிமுகப் பக்கத்தில் கன்ட்ரோல் டி (மேக்கில் கமாண்ட் டி) அழுத்தினால் அமைப்புக் கோப்பு இருக்கும் இடம் தெரியும். செயலியை மூடி, கோப்பை நகலெடுத்து வைத்துவிட்டுத் திருத்துங்கள். ஒரு காற்புள்ளி விடுபட்டாலும் கோப்பு செல்லாது. நகல் அப்போதுதான் கைகொடுக்கும். தமிழிலேயே எழுதலாம். ‘ஓய்வெடு’ என்று எழுதினால் பயனில்லை. களைத்த மூளைக்கு அது இன்னொரு கேள்வி. ‘ஜன்னலைத் திறந்து நில்’, ‘செடிக்குத் தண்ணீர் ஊற்று’, ‘வேலை சம்பந்தமில்லாத ஒருவரிடம் இரண்டு நிமிடம் பேசு’ என்று உடம்பு உடனே செய்யக்கூடியதாக இருக்கட்டும். கடைசியில் சொன்னது முக்கியம். தனியாக வேலை பார்ப்பவருக்கு முதலில் குறைவது ஓய்வு அல்ல, மனிதக் குரல்.

இடைவேளையைத் தின்றுவிடும் எதிரி கைபேசி. பத்து நிமிடமும் அதில் விரலைத் தேய்த்தால் கண்ணுக்கும் ஓய்வில்லை, மனசுக்கும் இல்லை. செயலியால் இதைத் தடுக்க முடியாது. சார்ஜரை வேறு அறையில் வைத்தால் ஓரளவு தடுக்கலாம்.

இவ்வளவுக்கும் பலன் உண்டா? 2022-இல் ப்ளாஸ் ஒன் ஆய்விதழில் வந்த ஒரு தொகுப்பாய்வின்படி (பல ஆய்வுகளின் முடிவுகளைச் சேர்த்துப் பார்ப்பது), 10 நிமிடத்துக்கு மேற்படாத இடைவேளைகள் களைப்பைக் குறைத்து உற்சாகத்தைக் கூட்டின; விளைவு சிறியது. வேலைத்திறன் ஒட்டுமொத்தமாக உயர்ந்தது என்று அதில் நிறுவப்படவில்லை. ஆகவே அதிக வேலை முடிப்பதற்காக இதை நிறுவுகிறீர்கள் என்றால் ஏமாற்றமே மிஞ்சும். சாயங்காலம் சக்கையாகிப் போகாமல் இருப்பதற்காக என்றால் நிறுவலாம். இரண்டு வாரத்துக்கு மேல் ஏறக்குறைய நாள்தோறும் மனம் சோர்ந்தோ எதிலும் நாட்டமற்றோ இருப்பவருக்கு இது மருந்தல்ல. அவர் பார்க்க வேண்டியது மருத்துவரை.

ஸ்ட்ரெச்லியின் பெரிய ஓட்டை, வேலைநாள் முடிந்தது என்று சொல்லத் தெரியாதது. இரவு பதினொரு மணிக்கும் அதே நிதானத்தோடு கழுத்தைத் திருப்பச் சொல்லும். வீட்டு வேலையில் எல்லை அழிவதுதான் பெரும் தொல்லை என்பதால் இது சின்னக் குறையல்ல. இந்த இடத்தில் பழைய முகத்தோடு இருக்கும் வொர்க்ரேவ் என்ற இன்னோர் இடைவேளை நினைவூட்டி முந்துகிறது. அதில் நாளுக்கான வரம்பு என்று தனி டைமர் உண்டு. தொடக்கத்தில் 4 மணி நேரமாக இருக்கும். அதன் மற்ற இரண்டு டைமர்களை (3 நிமிடத்துக்கு 30 விநாடி, 45 நிமிடத்துக்கு 10 நிமிடம்) அணைத்துவிட்டு, இதை மட்டும் ஸ்ட்ரெச்லியோடு சேர்த்து ஓட விடலாம். அது எண்ணுவது கீபோர்டும் மவுஸும் இயங்கும் நேரத்தை மட்டுமே, சுவர்க் கடிகாரத்தை அல்ல. எட்டு மணி நேர வேலைநாளுக்கு 5 அல்லது 5.5 மணி என்று தொடங்கிப் பாருங்கள். மீட்டிங் அதிகமுள்ளவர்கள் இன்னும் ஒரு மணி குறைத்து வைக்க வேண்டும். பேசிக் கழிந்த நேரம் அதன் கணக்கில் ஏறாது.