பாத்ரூம் லீக் தகராறு: பிளம்பருக்கு பாலிசியா, பிரஷர் டெஸ்ட் தாளா?

பாத்ரூமைப் புதுப்பித்து ஒப்படைத்த ஏழெட்டு மாதத்தில் கீழ் வீட்டு ஃபால்ஸ் சீலிங்கில் பழுப்பு வட்டம் விழும். மேல் வீட்டுக்காரர் முதல் போனைப் போடுவது பிளம்பருக்குத்தான். டைல்ஸ் போட்டவர், கண்ணாடி பார்ட்டிஷன் மாட்டியவர், வாட்டர்ப்ரூஃபிங் அடித்தவர் யாருக்கும் அந்த போன் போகாது. சென்னை ஃபிளாட்டுகளில் தனித்தனியாக பாத்ரூம் வேலை எடுக்கும் சிறு கான்ட்ராக்டர்கள் இதைச் சமாளிக்க இரண்டு வழி உண்டு. பப்ளிக் லயபிலிட்டி அல்லது சிஜிஎல் (கமர்ஷியல் ஜெனரல் லயபிலிட்டி) பாலிசி, அதாவது நம் வேலையால் பிறருக்கு வரும் சேதத்துக்கான இன்ஷூரன்ஸ் எடுப்பது ஒன்று. ஒவ்வொரு வேலைக்கும் பிரஷர் டெஸ்ட் (பைப்பில் தண்ணீரை அழுத்தி லீக் பார்ப்பது) செய்து, கையெழுத்து வாங்கிய தாளை வைத்துக்கொண்டு, லாபத்தில் ஒரு பங்கை இதற்கென ஒதுக்கி வைப்பது மற்றொன்று. எங்கள் தேர்வு இரண்டாவது. முதலாவதை வேண்டாம் என்று சொல்லவில்லை. எங்கே அது பயன்படும், எங்கே கைவிடும் என்பதைப் பார்ப்போம்.

பாலிசியின் நல்ல பக்கம் வெளிப்படையானது. கீழ் வீட்டு வார்ட்ரோப், மரத்தரை, ஏசி என்று பெரிய தொகைக்குக் கேட்டால் நம் கையால் ஆகாது; பாலிசி தாங்கும். வழக்கு வந்தால் வக்கீல் செலவும் அதற்குள் வரும், கம்பெனி சம்மதத்தோடு செய்திருந்தால். பெரிய பில்டர்களிடமும் கார்ப்பரேட் அலுவலகங்களிலும் வேலை எடுக்க வேண்டுமென்றால் பாலிசி காப்பி இல்லாமல் உள்ளேயே விடமாட்டார்கள்.

ஏஜென்ட்டிடம் 'பப்ளிக் லயபிலிட்டி' என்று மட்டும் கேட்டால், அபாயகரமான ரசாயனங்களைக் கையாளும் தொழிற்சாலைகளுக்கான 1991ஆம் ஆண்டுச் சட்டத்தின் பாலிசியை எடுத்து நீட்டவும் வாய்ப்பு உண்டு. நமக்கு அதனால் ஒரு பயனும் இல்லை. ஒப்படைத்து முடித்த வேலையால் பிறகு வரும் சேதத்துக்கும் பொறுப்பு உண்டா என்று எழுத்தில் கேட்க வேண்டும். வேலை நடக்கும் நேரத்துக்கு மட்டும் கவர் தருகிற பாலிசி, பிளம்பருக்கு மழை நின்ற பிறகு கிடைத்த குடை.

இங்கே விற்கும் லயபிலிட்டி பாலிசிகள் பெரும்பாலும் 'கிளெய்ம்ஸ் மேட்' வகை. வேலை செய்த நாளில் பாலிசி இருந்தது என்பது போதாது. நஷ்டஈடு கேட்டு வரும் நாளிலும் அது உயிரோடு இருக்க வேண்டும், சம்பவம் ரெட்ரோஆக்டிவ் தேதிக்கு (எந்த நாளிலிருந்து நடந்தவை கணக்கில் வரும் என்று பாலிசியில் எழுதிய தேதி) பிறகு நடந்திருக்க வேண்டும். ஒரு வருடம் ரின்யூவல் விட்டால் அதற்கு முன் செய்த அத்தனை பாத்ரூமும் வெளியே போய்விடும். அதோடு, உடைந்த பைப்பை மாற்றவும் டைல்ஸை மறுபடி போடவும் ஆகும் செலவு, நம் வேலையை நாமே சரிசெய்வதாகக் கணக்காகி, வழக்கமாக கவரில் வராது. சின்னத் தகராறுகளில் முக்கால்வாசிப் பணம் அதில்தான் போகிறது.

இன்னொரு சிக்கல் நம் வாய். 'நான் பார்த்துக்கறேன் சார், கவலைப்படாதீங்க' என்பது நம் தொழிலில் மரியாதைப் பேச்சு. பாலிசியில் அது கம்பெனியைக் கேட்காமல் பொறுப்பை ஒப்புக்கொண்டதாகிவிடும். கம்பெனி அனுப்பும் சர்வேயர் (சேதத்தை மதிப்பிடுபவர்) வந்து பார்க்கும்வரை உடைந்த இடத்தை அப்படியே வைக்கச் சொல்வார்கள். கீழ் வீட்டில் தண்ணீர் சொட்டிக்கொண்டிருக்க, எந்த வாடிக்கையாளரும் அதற்குக் காத்திருக்கமாட்டார்.

இதையெல்லாம் ஒதுக்கிவிட்டாலும், முடிவைத் தீர்மானிப்பது ஒரே கேள்வி: பைப் எதனால் போனது, எப்போது போனது? லயபிலிட்டி பாலிசி பணம் கொடுப்பது சட்டப்படி நம் தவறு என்று ஆனால்தான். தவறு நம்முடையதா என்பதே பெரும்பாலான தகராறு. டவல் ராடு மாட்டியவர் டிரில் பிட்டை கன்சீல்டு லைனில் (சுவருக்குள் மறைத்த பைப்பில்) இறக்கியிருந்தால், கம்பெனி 'உங்கள் பொறுப்பு இல்லை' என்று கிளெய்மை மூடும். வாடிக்கையாளரோ 'பைப் உன்னுடையதுதானே' என்பார். நடுவில் மாட்டுவது நாம். அங்கே பேசுவது டெஸ்ட் தாள் மட்டும்தான். தவறு நம்முடையதே என்றாலும் அது எந்த ஜாயின்ட், எப்போது ஒட்டியது என்று அதே தாள் சொல்லிவிடும்.

சிபிவிசி (சூடு தாங்கும் பிளாஸ்டிக் பைப்) லைன் ஒட்டி முடித்து, சால்வென்ட் சிமெண்ட் என்ற பசை காய ஒரு நாள் விடுங்கள். கீசர் பாயிண்டில் சூடு, குளிர் இரண்டையும் ஒரு கனெக்ஷன் ஹோஸால் இணைத்தால் ஒரே கேஜில் இரண்டு லைனும் டெஸ்ட் ஆகிவிடும். மற்ற பாயிண்டுகளில் பிளக் போட்டு, மிக உயரத்தில் உள்ள பாயிண்டைத் திறந்து வைத்துத் தண்ணீர் நிரப்பிக் காற்றை முழுக்க வெளியேற்ற வேண்டும். காற்று மாட்டிக்கொண்டால் லீக் இல்லாமலேயே முள் இறங்கும். பிறகு கை பம்பால் 10 கிலோ அழுத்தத்துக்கு (சதுர சென்டிமீட்டருக்கு இத்தனை கிலோ என்ற கணக்கு) ஏற்றுங்கள். மொட்டை மாடி டேங்க் 15 மீட்டர் மேலே இருந்தாலும் லைனில் நிற்பது ஒன்றரை கிலோதான். எஸ்டிஆர் 11 (சுவர் தடிமனைக் குறிக்கும் எண்) பைப்போ குளிர்ந்த தண்ணீரில் ஏறக்குறைய 28 கிலோ தாங்கும். ஆகவே இந்த டெஸ்ட் வலுவானது, பைப்புக்கும் ஆபத்தில்லை. கம்ப்ரஸர் காற்றை வைத்து டெஸ்ட் செய்யவே கூடாது. சிபிவிசி சிதறி முகத்தில் அடிக்கும்.

முதல் கால் மணியில் முள் கொஞ்சம் இறங்குவது சகஜம். மறுபடி ஏற்றி, ஒரு மணி நேரம் நின்றால் முதல் கையெழுத்து வாங்கலாம். பலர் இங்கேயே கேஜைக் கழற்றிக்கொண்டு போய்விடுகிறார்கள். அதுதான் தப்பு. காடியில் (பைப்புக்காகச் சுவரில் வெட்டிய பள்ளத்தில்) பூசுவது, டைல்ஸ் வெட்டுவது, பார்ட்டிஷனுக்குத் துளை போடுவது எல்லாம் அதற்குப் பிறகுதான். கேஜை லைனிலேயே விட்டு, 4 கிலோ அளவில் வைத்து, டைல்ஸ் வேலை முடியும்வரை தினமும் காலையில் முள்ளை போட்டோ எடுங்கள். எந்த நாள் விழுகிறதோ, அன்றோ முந்தின நாளோ உள்ளே வேலை செய்தவர் யார் என்று பார்த்தால் போதும். வெயிலில் அரை கிலோ ஏறி இறங்கும். அதற்குப் பயப்பட வேண்டாம். டைல்ஸ் முடிந்ததும் மறுபடி 10 கிலோவுக்கு ஏற்றி இரண்டாவது கையெழுத்து.

காடியை மூடும் முன் டேப் பிடித்த போட்டோ வேண்டும்: தரையிலிருந்து எவ்வளவு உயரம், மூலையிலிருந்து எவ்வளவு தூரம். அதில் ஒரு நகலை வீட்டுக்காரருக்கும் அனுப்பிவிட்டால், நாளைக்கு டிரில் போடுபவர் 'லைன் போவது தெரியாது' என்று சொல்ல முடியாது.

நம் தவறு என்று வரும் இடங்களும் கிட்டத்தட்ட தெரிந்தவைதான். பித்தளை இன்ஸர்ட் வைத்த அடாப்டரில் ஆங்கிள் காக்கை (சுவரில் மாட்டும் சிறு வால்வை) இறுக்கித் தள்ளுவது முதலாவது. அன்றைக்கு நின்றுவிடும், மாதங்கள் கழித்து மயிர்க்கோடு விட்டு விரியும். டெஃப்லான் டேப்புக்குப் பதில் சணலும் எண்ணெய்ப் பூச்சும் போட்டால் சிபிவிசி மெல்ல மெல்ல வெடிக்கும். உப்புத் தண்ணீர் வரும் ஏரியாக்களில் கனெக்ஷன் ஹோஸின் ஸ்டீல் பின்னல் அரித்துப் போகும். அதை உத்தரவாதத்தில் சேர்க்காமல், மாற்ற வேண்டிய பொருள் என்று தாளிலேயே எழுதிவிடுவது நல்லது.

பிரஷர் டெஸ்ட் தாள் கழிவு லைனுக்கும் வாட்டர்ப்ரூஃபிங்குக்கும் பேசாது. அதற்கு சங்கன் பகுதியில் (தாழ்த்திக் கட்டிய பாத்ரூம் தரையில்) தண்ணீர் வெளியேறும் டிராப்பை அடைத்து, வாசலில் பாத்தி கட்டி, தண்ணீர் மட்டத்தைச் சுவரில் சாக்பீஸால் குறித்து, குறைந்தது 24 மணி நேரம், முடிந்தால் 48 மணி நேரம் நிறுத்த வேண்டும். இது தனித் தாள். யாரும் குளிக்காதபோதும் சொட்டினால் பிரஷர் லைன். குளித்தால் மட்டும் சொட்டினால் கழிவு அல்லது தரை. இதைப் பிரித்துச் சொல்ல முடிந்தாலே பாதிச் சண்டை அடங்கும்.

வாடிக்கையாளர் நுகர்வோர் ஆணையத்துக்குப் போனால்? 2019ஆம் ஆண்டுச் சட்டப்படி, காரணம் எழுந்ததிலிருந்து இரண்டு வருடத்துக்குள் புகார் கொடுக்க வேண்டும். வேலைக்குக் கொடுத்த தொகை 5 லட்சம் வரை என்றால் புகாருக்குக் கட்டணமே இல்லை. ஒரு பாத்ரூம் வேலை அநேகமாக அதற்குள் அடங்கிவிடும், ஆகவே வழக்குப் போடத் தயங்கமாட்டார்கள். சிலர் 'ஐந்து வருட கேரண்டி' என்று ரெராவை (ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டத்தை) காட்டுவார்கள். அது வீட்டை விற்ற பில்டருக்கு, கைப்பற்றிய நாளிலிருந்து. பழைய ஃபிளாட்டில் பாத்ரூம் மாற்றிக் கொடுத்தவருக்குப் பொருந்தாது. நம் உத்தரவாதம் எத்தனை மாதம் என்பதைக் கொட்டேஷனில் எழுதாமல் விட்டால்தான் அந்த ஐந்து நுழைந்துவிடும்.

வீட்டுக்காரரிடம் பாரத் கிருஹ ரக்ஷா போன்ற வீட்டு இன்ஷூரன்ஸ் பாலிசி இருந்தால் கொஞ்சம் நிம்மதி. 2021 ஏப்ரல் முதல் விற்கும் இதில் பைப், டேங்க் வெடித்து வரும் சேதம் சேர்ந்திருக்கிறது. ஆனால் அவருக்குப் பணம் கொடுத்த கம்பெனி, அவர் இடத்தில் நின்று நம்மிடம் வசூல் கேட்கும் உரிமை பெறுகிறது. சிறு பிளம்பரைத் தேடி எத்தனை கம்பெனி வரும் என்பதில் எங்கள் அனுபவம் குறைவு. வந்தாலும் முதலில் கேட்பது தோல்விக்கான காரணத்தைத்தான்.

லாபத்திலிருந்து ஒதுக்கி வைத்த பணத்தை நம்புவதில் ஒரு எல்லை உண்டு. ஒரே நேரத்தில் முழுக் கட்டடத்துக்கு ரைசர் லைன் (மாடிகளுக்கு மேலே ஏறும் பொது பைப்) போடுவது, கீழே கம்ப்யூட்டர் சர்வர் அறையோ நகைக் கடையோ இருக்கும் இடத்தில் வேலை செய்வது, பிரஷர் பம்ப் பூட்டிய அடுக்குமாடி வேலை ஆகியவற்றுக்கு பாலிசி எடுத்தே ஆக வேண்டும். அப்போதும் டெஸ்ட் தாளை விடக்கூடாது. பெரிய திட்டத்துக்கு கான்ட்ராக்டர்ஸ் ஆல் ரிஸ்க் (கட்டுமான வேலைக்கான இன்ஷூரன்ஸ்) பாலிசி கேட்டால், ஒப்படைத்த பிறகான பராமரிப்புக் காலத்தைச் சேர்த்துக் கேளுங்கள்.

லீக் என்று போன் வந்தால் முதலில் மெயின் வால்வை மூடச் சொல்லுங்கள். போனதும் உடைக்கும் முன் வீடியோ, உடைத்த பின் வீடியோ. எடுத்த ஃபிட்டிங்கை சாக்கடையில் போடாமல் ஒரு கவரில் போட்டு, தேதி எழுதி, வீட்டுக்காரரின் கையெழுத்தோடு எடுத்து வையுங்கள். டிரில் துளையா, இறுக்கத்தில் விட்ட கீறலா என்பது அந்தத் துண்டிலேயே தெரியும்.