வக்கீல் தேடி முதுகுளத்தூரிலிருந்து ராமநாதபுரம் வரை

இந்த முறை சிங்கப்பூரிலிருந்து ஊருக்கு வந்ததும் என் தலையில் விழுந்த வேலை, அத்தைக்கு ஒரு வக்கீல் பிடித்துக் கொடுப்பது. பூர்வீக நிலத்தில் பாகம் கேட்கிறார். பெரியப்பா மகன் தர மறுக்கிறார்.

எங்கள் கிராமம் முதுகுளத்தூர்ப் பக்கம். அங்கே வக்கீல்களுக்குப் பஞ்சமில்லை, எங்களுக்கு ஆகிற வக்கீல்தான் கிடைக்கவில்லை. ஒருவர் பெரியப்பா மகனோடு படித்தவர். இன்னொருவர் ஏற்கெனவே அவருடைய வழக்கு ஒன்றை நடத்திக்கொண்டிருக்கிறார். மூன்றாமவர் காகிதத்தைப் பிரிக்காமலேயே, “எதற்குத் தம்பி கோர்ட்டு, உட்கார்ந்து பேசினால் முடிந்துவிடும்” என்றார். நாங்கள் போய்வந்த செய்தி அன்று மாலையே பெரியப்பா வீட்டுக்குப் போய்ச் சேர்ந்துவிட்டது.

வக்கீல்கள் விளம்பரம் செய்யக் கூடாது என்பது அவர்களை நெறிப்படுத்தும் பார் கவுன்சிலின் விதி. நல்ல விதிதான். ஆனால் கிராமத்து ஆளுக்கு வழிகாட்ட மிஞ்சுவது பத்திர எழுத்தரும் டீக்கடைப் பேச்சும் மட்டுமே. அவர்கள் கைகாட்டும் வக்கீல் யாருக்கு வேண்டியவர் என்று பார்த்தால், பெரும்பாலும் கைகாட்டியவருக்கு!

அதனால் ராமநாதபுரம் போனோம். அங்கே பார்த்த பெண் வழக்கறிஞரை எனக்குப் பிடித்துப்போனது. மூலப்பத்திரத்தை வாங்கி, நான்கு எல்லைகளையும் விரல் வைத்து வாய்விட்டுப் படித்தார். பட்டாவில் உள்ள சர்வே எண்ணின் உட்பிரிவு பத்திரத்தோடு ஒத்துப்போகவில்லை என்று பென்சிலால் சுழித்தார். பிறகு ஒரே கேள்வி: “2004 டிசம்பர் 20-க்கு முன்னால் பாகப்பிரிவினை எதுவும் பதிவாகியிருக்கிறதா?” அப்படி இருந்தால் அதைக் கலைக்க முடியாதாம். இல்லையென்றால் இந்து வாரிசுரிமைச் சட்டத்தின் 2005 திருத்தப்படி மகளுக்கும் மகனைப் போலவே பிறப்பால் உரிமை. தந்தை அப்போது உயிரோடு இருந்திருக்க வேண்டியதில்லை என்று 2020-இல் உச்ச நீதிமன்றமும் சொல்லிவிட்டது. முதுகுளத்தூரில் ஒருவரும் இதைக் கேட்கவில்லை. நிலத்தின் மீது பதிவான பத்திரங்களைக் காட்டும் வில்லங்கச் சான்றைப் பழைய காலத்திலிருந்து போட்டு வரச் சொன்னார். தன் ஃபீஸ் எவ்வளவு, கோர்ட் கட்டணம் எவ்வளவு என்று தனித்தனியாகத் தாளில் எழுதியும் கொடுத்தார்.

இலவசமாக வக்கீல் பெறும் வழியையும் அவரே சொன்னார். 1987-ஆம் ஆண்டுச் சட்டப் பணிகள் ஆணைக்குழுச் சட்டப்படி, இலவச வக்கீல் பெறப் பெண்களுக்கு வருமான வரம்பே கிடையாது. அந்த ஆணைக்குழுவில் மனு கொடுத்தால் போதும். 15100 என்ற உதவி எண்ணிலும் கேட்கலாம். அத்தை மசியவில்லை. “சும்மா வருகிற வக்கீல் என்றால் உன் பெரியப்பா மகன் சிரிப்பான்” என்று எழுந்துவிட்டார். வட்டிக்கு வாங்கி வழக்கு நடத்தும் பெண்கள் எத்தனை பேருக்கு இது தெரியும் என்று எனக்கு ஆற்றாமையாக இருந்தது.

வெளியூர் வக்கீலால் ஒரு தொல்லை உண்டு. நிலம் எங்கே இருக்கிறதோ அந்த எல்லைக்குரிய நீதிமன்றத்தில்தான் வழக்குப் போட முடியும். வாய்தாவுக்கு வாய்தா அவர் பயணம் செய்தாக வேண்டும், இல்லாவிட்டால் ஜூனியரை அனுப்புவார். ஜூனியர் போகிற அன்று வழக்கு நகராது என்பது என் அனுமானம். வழக்கு எண் விழுந்துவிட்டால் அடுத்த தேதியை இ-கோர்ட்ஸ் செயலியில் சிங்கப்பூரிலிருந்தே பார்த்துக்கொள்ளலாம் என்பதில் ஒரு நிம்மதி.

அப்பாவின் பங்குக்கு நானும் வாதி. சிங்கப்பூர் போய், எனக்காக வழக்கைக் கவனிக்க ஒருவருக்குப் பவர் (அதிகாரப் பத்திரம்) எழுதினால் அங்குள்ள இந்திய ஹைகமிஷன் சான்று, அது இங்கே வந்த மூன்று மாதத்துக்குள் முத்திரைத் தீர்வை என்று அலைச்சல். ஆகவே வக்கீலுக்கு வாதாட அதிகாரம் தரும் வக்காலத்தில் இங்கேயே கையெழுத்துப் போட்டுவிட்டேன். மே மாத விடுமுறை முடிந்து கோர்ட் திறந்ததும் தாக்கல் செய்வதாகச் சொல்லியிருக்கிறார்.