‘பிராப்ளம் மேனேஜ்மென்ட் பிளஸ்’ பயிற்சிக்குப் போய் வந்தேன்

கணவர் பக்கவாதத்தில் படுத்ததிலிருந்து சம்பாதிப்பதும் நான்தான், அவரைப் பார்த்துக்கொள்வதும் நான்தான். ‘மனசைத் தைரியமா வெச்சுக்கோ’ என்று சொல்லாதவர்கள் இல்லை. எப்படி என்றுதான் யாரும் சொல்லவில்லை. உலக சுகாதார நிறுவனம் 2016-இல் வெளியிட்ட இந்தப் பயிற்சி அதைச் சொல்லித் தருகிறது.

வாரம் ஒன்றாக ஐந்து அமர்வுகள், ஒவ்வொன்றும் ஒன்றரை மணி நேரம். நடத்துபவர் மனநல மருத்துவராக இருக்க வேண்டியதில்லை, இதற்கென்று பயிற்சி பெற்றவராக இருந்தால் போதும். இது சரிப்படுமா என்று தயக்கம் இருந்தது. பெஷாவரிலும் நைரோபியிலும் இப்படித்தான் நடத்திப் பார்த்து, மன உளைச்சல் குறைந்ததாக ஆய்வு வெளியிட்டிருக்கிறார்கள் என்று தெரிந்த பிறகு போனேன்.

எனக்கு வாய்த்த பெண் என்னைவிட இளையவர். என் கவலைகளையெல்லாம் சொல்லச் சொல்லி, தீர்க்க முடிந்தது, முடியாதது, முக்கியமில்லாதது என்று மூன்றாகப் பிரிக்க வைத்தார். கணவரின் வலது கை பழையபடி ஆகுமா என்பது இரண்டாவதில் போனது. நாத்தனார் போனில் சொன்ன ஒரு வார்த்தையை ராத்திரியெல்லாம் மனதில் உருட்டிக்கொண்டிருந்தேனே, அது மூன்றாவதில்! “அக்கா, இதுல எதை நீங்க மாத்த முடியும்?” என்று கேட்டார். படுக்கைப்புண் வராமல் இருக்க இரண்டு மணிக்கொரு தடவை எழுந்து அவரைப் புரட்டிப் படுக்க வைக்கிறேன், தூக்கமே இல்லை என்றேன். மனதில் தோன்றும் வழி எல்லாவற்றையும், உருப்படாதது என்று தோன்றினாலும், எழுதச் சொன்னார். கொழுந்தனாரிடம் கேட்கலாம் என்பது அதில் ஒன்று. என்றைக்கு, எத்தனை மணிக்குப் பேசுவேன் என்பதுவரை எழுதிக் கொடுத்த பிறகுதான் விட்டார். சனிக்கிழமை முடியாது, புதன்கிழமை ராத்திரி வருகிறேன் என்றார் கொழுந்தனார். இப்போது புதன்கிழமைகளில் விடியும்வரை தூங்குகிறேன். தைரியம் அப்புறம் தானாக வந்தது.

வயிற்றால் மெதுவாக மூச்சு விடும் பயிற்சி எனக்கு அவ்வளவாகப் பிடிபடவில்லை. ஆனால் பிசியோதெரபி தொடங்குமுன் என் கணவர் அதைச் செய்கிறார்.

உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணம் தீவிரமாக இருப்பவர்களுக்கு இந்தப் பயிற்சி போதாது. ஆரம்பத்திலேயே அதை நேராகக் கேட்கிறார்கள். அப்படி இருந்தால் மருத்துவ உதவிக்கு அனுப்புகிறார்கள். அதை மறைக்காமல் சொல்லிவிடுங்கள்.

நான் போன இடத்தில் ஒரே குறை, நேரம். எல்லா அமர்வும் மதியம்தான், மாற்றித் தர மறுத்துவிட்டார்கள். நோயாளியை வீட்டில் விட்டுவிட்டு வருபவர்களுக்கு அது பெரிய தண்டனை. கஷ்டத்தில் இருப்பவர்களுக்காக நடத்துகிறவர்கள் இதை யோசித்திருக்க வேண்டும். சேர்வதற்கு முன்பே நேரத்தைப் பேசி முடிவு செய்துகொள்ளுங்கள். சாயங்காலம் அமர்வு தரும் இடம் கிடைத்தால் கொஞ்சம் தூரமானாலும் அங்கேயே போங்கள்.